ஃபால்ஸ் சீலிங்குல வாங்குன பல்பு

போன ஞாயித்துக்கிழமை காலைல அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, ஹால்ல இன்னும் ரெண்டு போயிருச்சுய்யா." ஏதோ தூரத்துச் சொந்தம் தவறிப்போன மாதிரி ஒரு குரல். நானும் "எந்த ரெண்டும்மா?"ன்னு துக்கம் விசாரிச்சேன். டிவிக்கு மேல ஒண்ணு, ஃபேனுக்குப் பக்கத்துல ஒண்ணு. ஆக மொத்தம் 14 அவுட்.

விஷயம் இதுதான் மக்கா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒத்தக்கடை தாண்டி அப்பா ரிட்டயர்மென்ட் காசுல பாதியும் என்னோட ஹோம் லோனுமா ஒரு வீடு கட்டினோம். "சார், இப்பல்லாம் ஃபால்ஸ் சீலிங் இல்லாம யாருமே கட்டுறதில்ல"ன்னு இன்டீரியர்காரர் சொன்னாரு. நானும் பொட்டி தட்டுற பெருமையில தலையாட்டிட்டேன். அப்பாதான் "ரெண்டு டியூப்லைட் போதுமேப்பா"ன்னு இழுத்தாரு. "சும்மா இருங்கப்பா, உங்களுக்குத் தெரியாது"ன்னு சொன்னது சாட்சாத் நானேதான். ஹால்ல 12, கிச்சன்ல 4, மூணு பெட்ரூமுக்கும் ஆறு ஆறா 18, மாடிப்படிக்கு 3, சாமி ரூமுக்கு 1. ஜிப்சம் போர்டுல 38 ஓட்டை போட்டு, 38 எல்இடி விளக்கைப் பதிச்சாச்சு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு வந்தவய்ங்க எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கிட்டே சாப்பிட்டாய்ங்க.

ரெண்டாவது வருஷம் முடியிறப்ப சாவு விழ ஆரம்பிச்சது.

அதுல ஒண்ணை மாத்துறேன்னு போன மாசம் அப்பா ஸ்டூல் மேல ஏறிட்டாரு. வயசு 66. அந்த விளக்கோட ரெண்டு பக்கமும் ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும் பாருங்க, எலிப்பொறி மாதிரி. வெளிய இழுத்தா பட்டுனு விரல்ல அடிக்கும். அடிச்சிருக்கு. இவரு கையை உதறியிருக்காரு, ஸ்டூல் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். வலது மணிக்கட்டுல எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு 12 வாட் விளக்குக்காக. எனக்கு வந்த கோபத்துலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எங்க சித்தப்பாவோட ஒரு பஞ்சாயத்தை முடிச்சுடறேன். விஷயம் கேள்விப்பட்டதும் அவரு வாட்ஸப்புல ஒரு ஃபார்வர்டு அனுப்பினாரு. அமெரிக்காவுல ஒரு பல்பு நூறு வருஷத்துக்கு மேல எரியுதாம், கம்பெனிக்காரய்ங்க வேணும்னே சீக்கிரம் போற மாதிரி செய்றாய்ங்களாம், எல்லாம் சதியாம். உங்களுக்கும் வந்திருக்கும்.

இதுல பாதி உண்மை. 1924 டிசம்பர்ல ஜெனீவாவுல ஃபீபஸ்னு ஒரு கூட்டணி அமைச்சாய்ங்க. ஓஸ்ராம், பிலிப்ஸ் எல்லாம் அதுல உண்டு. அதுவரைக்கும் 1500, 2000 மணி நேரம் எரிஞ்சுக்கிட்டிருந்த குண்டு பல்பை 1000 மணி நேரத்துக்குள்ள கொண்டு வரணும்னு ஒப்பந்தம். எவன் பல்பாவது கூடுதலா எரிஞ்சா அவனுக்கு அபராதம்! ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு ஃபைன் போட்ட கும்பல். இரண்டாம் உலகப் போர் வந்து அதைக் கலைச்சது.

அந்த நூறு வருஷத்துப் பல்பும் நிஜம்தான். கலிஃபோர்னியாவுல லிவர்மோர்ங்கிற ஊர்ல, தீயணைப்பு நிலையத்துல 1901லேர்ந்து எரியுது. ஆனா ஃபார்வர்டுல சொல்லாத ஒண்ணு இருக்கு. அது இன்னிக்குக் கொடுக்குறது ஒரு 4 வாட் பல்போட மினுக் மினுக் வெளிச்சம். இழையைச் சூடாக்காம மெதுவா எரிச்சா ஆயுசு கூடும், வெளிச்சம் குறையும். அம்புட்டுத்தான் ரகசியம். அந்தப் பல்பை எங்க ஹால்ல மாட்டினா சித்தப்பா மூஞ்சி சித்திக்கே தெரியாது.

இந்த சதிக் கதை மேல எனக்கு ஒரு கடுப்பு உண்டு. அது நம்மளைக் குத்தத்துலேர்ந்து விடுவிச்சுடுது. "எல்லாம் அவய்ங்க பண்றது"ன்னு சொல்லிட்டு அடுத்த பல்பை அதே ஓட்டையில மாட்டிட்டுப் போயிடலாம். அந்த ஓட்டையில என்ன நடக்குதுன்னு யாரும் எட்டிப் பார்க்கிறதில்ல.

நான் எட்டிப் பார்த்தேன். படிச்சது இசிஇ, நாலு வருஷமா ஒழுங்கா ஒரு சால்டரிங் அயர்னைக் கூடத் தொட்டதில்ல. செத்துப்போன விளக்கையெல்லாம் அம்மா ஒரு பையில போட்டு வச்சிருந்தாங்க (எங்கம்மா எதையும் தூக்கிப் போடமாட்டாங்க, வாழ்க). ஊருக்குப் போனப்ப அன்னைக்குத் தேதிக்கு இருந்த 12ஐயும் பிரிச்சு மேஞ்சேன். மூணுல எல்இடி சில்லு ஒண்ணு கருகியிருந்தது, கரும்புள்ளி கண்ணுக்கே தெரியும். எல்லாச் சில்லையும் வரிசையா ஒரே சங்கிலியாக் கோத்திருக்கிறதால ஒண்ணு போனா மொத்தமும் இருட்டு. மீதி ஒம்போதுல எல்இடி எல்லாம் ஜம்முனு இருக்கு. செத்தது டிரைவர். அதாவது 230 வோல்ட் ஏசியை எல்இடிக்கு வேண்டிய டிசி கரண்டா மாத்திக் கொடுக்கிற குட்டிப் பெட்டி. அதைத் திறந்தா உள்ள மாத்திரை டப்பா மாதிரி நிக்கிற எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர், மண்டை உப்பிக் கிடக்கு.

அந்தக் கபாசிட்டருக்குள்ள இருக்கிறது ஒரு திரவம். சூட்டுல மெல்ல மெல்லக் காயும். அது மேலயே எழுதியிருப்பாய்ங்க, 105 டிகிரி, பக்கத்துல எத்தனை மணி நேரம்னு கம்பெனி ஏட்டுல இருக்கும். சாதா ரகத்துக்கு 2000 மணி நேரம். 105 டிகிரியில வச்சா 2000 மணி நேரம்தான் தாங்கும்னு அர்த்தம். ஒவ்வொரு 10 டிகிரி குறையக் குறைய ஆயுசு இரட்டிப்பாகும். காலேஜுல படிச்ச அர்ரீனியஸ் சமன்பாடு, அரியர் வச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்ப கணக்குப் போடுங்க. டிரைவர் தன்னோட சொந்தச் சூட்டுல, சுத்தியிருக்கிற காத்தை விட ஒரு 40 டிகிரி கூடுதலா ஓடுதுன்னு வைங்க. ரூம்ல 25 டிகிரி இருந்தா கபாசிட்டர் 65ல இருக்கும். 2000, 4000, 8000, 16000, 32000. ஆக 32000 மணி நேரம். அட்டைப் பெட்டியில போட்டிருக்கிற "25000 மணி நேரம்" பொய்யில்ல மக்கா. தினம் 5 மணி நேரம் போட்டா 13 வருஷத்துக்கு மேல வரணும்.

எங்க? 25 டிகிரியில. மதுரையில 25 டிகிரி எங்க இருக்கு? ஏசி பெட்டிக்குள்ளயும், மார்கழி விடியக்காலையிலயும் இருக்கு.

போன மே மாசம், வெளிய 40 டிகிரி தாண்டின ஒரு நாள். மல்டிமீட்டர் கூட வர்ற வெப்பம் பார்க்கிற ஒயரை, ஒரு ஓட்டை வழியா ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல விட்டு வச்சேன். சாயங்காலம் 7 மணி, லைட் போடுறதுக்கு முன்னாடி 46 டிகிரி. லைட் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, டிரைவருக்குப் பக்கத்துக் காத்து 54. சரி, 55னே வச்சுக்குவோம். 40ஐக் கூட்டுங்க, 95. அப்ப ஆயுசு 4000 மணி நேரம். தினம் 5 மணி நேரம்னா 800 நாள். ரெண்டு வருஷம் ரெண்டு மாசம்.

வாரண்டி எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? ரெண்டு வருஷம். சித்தப்பாவுக்கு இதைச் சொல்லல, சொன்னா ஆடிடுவாரு.

மே மாசச் சூடு வருஷம் முழுக்க இருக்காதுன்னு சொல்வீங்க. சரிதான், அதனாலதான் 38ம் ஒரேயடியா சாகாம 14 செத்திருக்கு. ஆனா மதுரையில வெயில் காலம்கிறது மாசியில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் இழுக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும்.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. மொட்டைமாடி காங்க்ரீட்டு அஞ்சு, ஆறு இஞ்ச் கனம். மத்தியானம் வாங்குற வெயில் அதுக்குள்ள மெதுவா இறங்கி, அடிப்பக்கம் வந்து சேர நாலஞ்சு மணி நேரம் ஆகும். அதாவது அது சூட்டை கீழே கக்குற நேரமும், நாம லைட் போடுற நேரமும் ஒண்ணு. அந்தச் சூடு கீழ வந்து ஃபேன் காத்துல கலையவும் வழியில்ல, நடுவுல ஜிப்சம் போர்டு மூடியாட்டம் நிக்குது. எல்இடியோட குணம் வேற. பழைய குண்டு பல்பு சூட்டை முன்பக்கமா, வெளிச்சத்தோட சேர்த்துக் கக்கும். எல்இடி தின்கிற கரண்ட்ல பாதிக்கு மேல சூடாத்தான் மாறுது, ஆனா அது முன்னாடி வராது. முதுகு வழியா, அந்த அலுமினியத் தகடு வழியா மேல போகும். எங்க போகும்? அந்த அடைச்ச பொந்துக்குள்ளதான். மேலேர்ந்து காங்க்ரீட்டு, கீழேர்ந்து விளக்கு, நடுவுல டிரைவர். இட்லிக் கொப்பரைக்குள்ள மாவு மாதிரி.

எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"சீப்பான பல்பு வாங்கியிருப்பே." இல்ல சாமி, டவுன்ஹால் ரோட்டுல பெரிய பிராண்டுதான் பில்லோட வாங்கினேன். எல்இடி விலை சரிஞ்சதாலதான் தரம் போச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. விலை சரிஞ்சது உண்மை. 2014ல மத்திய அரசோட இஇஎஸ்எல் நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் பண்ணுச்சு, உஜாலா திட்டம் 2015 ஜனவரியில ஆரம்பிச்சு, 2016ல அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்தது. அந்தத் திட்டத்துல நாடு முழுக்க 36 கோடிப் பல்புக்கு மேல போயிருக்கு. சரி, தரமும் சில இடத்துல அடிவாங்கியிருக்கும். ஆனா மேலூர்ப் பக்கம் எங்க பாட்டி வீட்டுக்கு வாங்க. கட்டை குத்தி, செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மச்சு வீடு. நடு வீட்டுல ஒரு ஒயர்ல தொங்குற ஹோல்டர், அதுல 9 வாட் பல்பு, பெட்டிக்கடையில வாங்குனது. ஏழு வருஷமா எரியுது. என்னோட 450 ரூபாய் விளக்கு ரெண்டு வருஷத்துல மண்டையப் போடுது, அந்த 90 ரூபாய் பல்பு கிழவியாட்டம் அசராம நிக்குது. வித்தியாசம் பிராண்டுல இல்ல. அதைச் சுத்திக் காத்து இருக்கு, அவ்வளவுதான்.

"வோல்டேஜ் ஏற்ற இறக்கமா இருக்கும்." எனக்கும் முதல்ல அந்தச் சந்தேகம்தான். வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல கூடவோ குறையவோ கூடாதுன்னு 1956 மின்சார விதிகள்லயே இருந்தது. 230க்கு 216லேர்ந்து 244 வரைக்கும். ஒரு வாரம் குறிச்சு வச்சேன், 222க்கும் 241க்கும் நடுவுலதான் ஆடுது. அந்த அளவைத் தாங்கத்தான் டிரைவர்னு ஒண்ணை வச்சிருக்காய்ங்க. (பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வச்சிருக்கவங்க மட்டும் கவனம். மலிவு பல்புல டிரைவரே இருக்காது, ஒரு கபாசிட்டரும் நாலு டயோடும்தான். ஸ்கொயர் வேவோட செங்குத்து ஏத்தத்துக்கு அது கரண்டை குபீர்னு இழுக்கும்.)

"அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு இதைத்தான் போடுறான்." இதைச் சொன்னது டல்லாஸ்ல ஆணி புடுங்குற என் ரூம்மேட். போடுறான் மச்சி. ஆனா அவன் கூரைக்குள்ள பஞ்சு மாதிரி வெப்பத்தடுப்பு அடைச்சிருப்பான். பதிக்கிற விளக்குல ரெண்டு ஜாதி வச்சிருக்கான். பஞ்சு மேல பட்டாலும் தாங்குற ரகம் ஒண்ணு, பட்டா தாங்காத ரகம் ஒண்ணு. தாங்காத ரகத்தைச் சுத்தி மூணு இஞ்ச் இடம் விடணும்னு அவன் மின்சார விதியிலயே எழுதி வச்சிருக்கான். ரொம்பச் சூடானா தானா அணைஞ்சு, ஆறினதும் எரியிற தெர்மல் சுவிட்ச்சும் உள்ள இருக்கும். அவன் சூட்டுக்குப் பயந்து சட்டம் போட்டான். நாம போட்டோவைப் பார்த்து ஓட்டை போட்டோம். என் வீட்டுல இந்த 38 விளக்கையும் முடிவு பண்ணின மொத்தக் கூட்டத்துல, மேல எவ்வளவு சூடு இருக்கும்னு ஒருத்தர் கூட கேக்கல. இன்டீரியர்காரர் கேக்கல, எலக்ட்ரீஷியன் கேக்கல, இசிஇ படிச்ச நானும் கேக்கல.

எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட பின்னாடி கேட்டேன். "தம்பி, நீங்கதான் 38 பாயிண்ட் கேட்டீக. பாயிண்டுக்கு இவ்வளவுன்னு எனக்குக் கூலி. நான் எதுக்கு வேணாம்னு சொல்லப் போறேன்?" நேர்மையான மனுஷன். இதுதான் இந்தத் தொழிலோட அடிப்படையே. ஒவ்வொரு ஓட்டையும் ஒருத்தருக்கு வருமானம். ஓட்டைகளைக் குறைங்கன்னு சொல்றதுல யாருக்கும் பைசா லாபமில்ல.

எவ்வளவு வெளிச்சம் வேணும்ங்கிற கணக்கையும் யாரும் போடல. ஹால்ல 12 விளக்கு, ஒவ்வொண்ணும் 12 வாட், மொத்தம் 144 வாட். பன்னிரண்டாயிரம் லூமன் பக்கம் வரும். கல்யாண மண்டபம். 20 வாட் எல்இடி பட்டை டியூப்லைட் ஒண்ணே 2000 லூமன் கொடுக்கும், மூணு போட்டா 60 வாட்ல தினத்தந்தி படிக்கலாம், பூக் கட்டலாம், பல்லாங்குழி ஆடலாம். அது செவுத்துல இருக்கும், காத்து படும். போனா கடையில எந்த பிராண்டு வேணா வாங்கி அதே இடத்துல மாட்டலாம்.

பதிச்ச விளக்குல இந்த "எந்த பிராண்டு வேணா" நடக்காது. எனக்கு உண்மையான எரிச்சலே இதுலதான். புதுசு வாங்கப் போனா பழைய மாடல் நிறுத்திட்டாய்ங்க. புது மாடல்ல ஓட்டை அளவு அரை இஞ்ச் பெருசு. ஒண்ணு ஜிப்சத்தை அறுக்கணும், இல்ல ஓட்டைக்குள்ள விளக்கு தொங்கும். அளவு சரியா இருக்கிற இன்னொரு பிராண்டு கிடைச்சா கலர் வேற. என்னோடது 4000 கெல்வின், அது 6500. ஹாலோட ஒரு மூலை மட்டும் ஆஸ்பத்திரி ஐசியூ மாதிரி நீலமா இருக்கு. எங்க தாத்தா காலத்து டியூப்லைட்டுல சோக்கு போனா சோக்கு, ஸ்டார்ட்டர் போனா ஸ்டார்ட்டர், குழல் போனா குழல்னு தனித்தனியா மாத்துவாய்ங்க. நமக்கு எல்லாம் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளை. 30 ரூபாய் கபாசிட்டர் போனதுக்கு 450 ரூபாய் விளக்கைத் தூக்கிப் போடணும்.

ஃபால்ஸ் சீலிங்குக்குத் தமிழ்ல பொய்க்கூரைன்னு பேர் வச்சா ரொம்பப் பொருத்தம். பத்தடி உயரக் கூரையை ஒம்போதடி ஆக்கி, ஃபேனைத் தலைக்குப் பக்கத்துல கொண்டு வந்து, ஃபேன் இறக்கைக்கு மேலயே ஒரு விளக்கை வச்சு, அது சுத்தும்போது ரூம் முழுக்க பழைய சினிமா மாதிரி வெட்டி வெட்டி வெளிச்சம் அடிக்க வச்சு... இதுக்கு லட்சக்கணக்குல கொடுத்திருக்கேன். திருமலை நாயக்கர் 1636ல கட்டின மகால் நம்ம ஊர்லதான் இருக்கு. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற உயரம். அந்த மனுஷனுக்கு வெயில் தெரிஞ்சிருக்கு. நமக்கு பின்ட்ரெஸ்ட் தெரிஞ்சிருக்கு.

ஏற்கெனவே போட்டு மாட்டிக்கிட்டவங்களுக்கு, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. டிரைவர் தனியா, ஒயர்ல கழட்டி மாட்டுற மாதிரி இருக்கிற விளக்கா மட்டும் வாங்குங்க. டிரைவர் மட்டும் கடையில தனியாக் கிடைக்கும், வாட்டும் மில்லிஆம்பியரும் பொருந்தினா போதும். என்னோட ஒம்போதுல ஆறுக்கு இப்படி உயிர் வந்திருச்சு. டிரைவர் மேல 'டிஏ'ன்னு ஒரு எண் போட்டிருக்கும், சுத்தியிருக்கிற காத்து எவ்வளவு சூடு வரைக்கும் இருக்கலாம்னு அர்த்தம். 40னு போட்டிருந்தா மொட்டைமாடிக்குக் கீழ வைக்காதீங்க. அந்த எண்ணே இல்லைன்னா கடையிலயே வச்சுட்டு வந்துருங்க. பிஐஎஸ் முத்திரையும், ஆர்ங்கிற எழுத்துல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க, எல்இடி டிரைவருக்கு அது கட்டாயம். மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிங்க. மேல இன்னொரு மாடி இருக்கிற வீடுன்னா உங்க பிரச்சனை பாதிதான். வீட்டுல வயசானவங்க இருந்தா ஸ்டூலை ஒளிச்சு வைங்க.

புதுசாக் கட்டப் போறவங்களுக்கு ஒண்ணுதான் சொல்லுவேன். ஓட்டை போடாதீங்க. இன்டீரியர்காரர் 3டி படம் காட்டினா, "மே மாசம் ராத்திரி 9 மணிக்கு இதுக்கு மேல எத்தனை டிகிரி இருக்கும்?"னு கேளுங்க. பதில் சொன்னாருன்னா அவருக்கே வேலையைக் கொடுங்க.

எங்க ஹால்ல இப்ப செவுத்துல மூணு பட்டை டியூப்லைட் மாட்டியாச்சு. அப்பா மாவுக்கட்டுக் கையோட சேர்ல உக்காந்து, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம்"னு சொல்லிக்கிட்டிருந்தாரு. முடிச்சதும் சுவிட்சைப் போட்டுப் பார்த்துட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கலாம்.

டிஸ்கி: எந்த பிராண்டு, எந்த இன்டீரியர்னு யாரும் கேக்காதீங்க. பொந்துக்குள்ள எதை வச்சாலும் வேகும். ஹால்ல காலியா இருக்கிற ஓட்டை ஒண்ணுல இப்ப பல்லி குடித்தனம் பண்ணுது. அதுக்கு அந்தச் சூடு ஒத்துக்குது போல.